வாயிலை மூடிப் பாருங்கள்: விண்வெளி விளையாட்டுக்குப் புழுத்துளைப் பாதைகளை வடிவமைத்தல்

விண்வெளியில் நட்சத்திரம் நட்சத்திரமாகச் சுற்றித் திரியும் கணினி விளையாட்டு ஒன்றை முதன்முறையாக உருவாக்குபவர், நட்சத்திரங்களின் நிறத்திலும் கோள்களின் மேற்பரப்பிலும் மாதக்கணக்கில் உழைத்துவிட்டு, அவற்றை இணைக்கும் பாதைகளைக் கடைசி வாரத்தில் அவசரமாகக் கோடிழுத்து முடிப்பது வழக்கமாக இருக்கிறது. ஆனால் ஆட்டக்காரர் எடுக்கும் முடிவுகளில் பெரும்பாலானவை பாதை பற்றியவை: எந்த வழியே போவது, எங்கே காத்திருப்பது, எதைக் காவல் காப்பது, திரும்பி வர முடியுமா என்பவை. ஆகவே பாதைகளின் அமைப்பை முதலில் தீர்மானித்துவிட்டு மற்றவற்றுக்குப் போவதே சரியான வரிசை.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கங்களில் படித்துக்கொண்டோ வேலை பார்த்துக்கொண்டோ சொந்தமாக ஒரு விளையாட்டைச் செய்து பார்க்க விரும்பும் புதியவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். முதல் பாதிக்குத் தாளும் பென்சிலும் போதும். இரண்டாம் பாதிக்குக் கோடோ போன்ற இலவச விளையாட்டு எஞ்சின் ஒன்றில் சிறு நிரல் எழுதத் தெரிந்திருந்தால் நல்லது. டெல்டாக்காரருக்கு இதில் ஒரு கூடுதல் வசதியும் உண்டு. பிரிந்தும், மூடித் திறக்கப்பட்டும், முறை வைத்துப் பகிரப்பட்டும் இயங்கும் ஒரு வலையமைப்பு அவர் ஊரின் ஓரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

முதல் படி: விதிகளை எழுதுதல்

படம் வரைவதற்கு முன், உங்கள் விளையாட்டில் புழுத்துளை, அதாவது வெளியின் தொலைவான இரண்டு இடங்களை நேராக இணைக்கும் குறுக்குவழி, என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை அரைப் பக்கத்தில் எழுதி வையுங்கள். இதற்கு இயற்பியல் ஓரளவு உதவும். 1935இல் ஐன்ஸ்டைனும் நேதன் ரோசனும் வெளியின் இரண்டு பகுதிகளை இணைக்கும் பாலம் ஒன்றைச் சமன்பாடுகளிலிருந்து வருவித்தனர். அத்தகைய பாலம் ஒளிகூடக் கடந்து முடிப்பதற்குள் அறுந்துவிடும் என்று 1962இல் ராபர்ட் ஃபுல்லரும் ஜான் வீலரும் காட்டினர். மனிதர் கடக்கத்தக்க புழுத்துளைக்கு என்னென்ன வேண்டும் என்று 1988இல் மைக்கேல் மாரிஸும் கிப் தோர்னும் கணக்கிட்டு, அதன் கழுத்தை, அதாவது இரு வாய்களையும் இணைக்கும் குறுகிய நடுப்பகுதியை, திறந்து வைத்திருக்க எதிர்மறை ஆற்றல் அடர்த்தி கொண்ட விசித்திரப் பொருள் தேவை என்ற முடிவுக்கு வந்தனர். அப்படியொரு புழுத்துளை இயற்கையில் இருப்பதற்கு இதுவரை சான்று எதுவும் கிடைக்கவில்லை.

விளையாட்டு வடிவமைப்பாளர் இவற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை சில. புழுத்துளையின் வாய் தட்டையான வட்டமாக இருக்க வேண்டியதில்லை. அது ஒரு கோளம், எந்தத் திசையிலிருந்தும் அதற்குள் நுழையலாம், அதன் பரப்பில் மறுபக்கத்து வானம் வளைந்து தெரியும். கழுத்தைத் தாங்கிப் பிடிக்காவிட்டால் அது மூடிக்கொள்ளும் என்பதால், புழுத்துளைக்கு ஆயுள் வைப்பது செயற்கையான தந்திரமாகத் தோன்றாது. ஒரு வாய்க்குள் நுழைந்த பொருளின் நிறை அந்த வாயோடு கூடி, வெளியேறும் வாயிலிருந்து குறையும் என்ற கோட்பாட்டு வாதமும் உண்டு. இதை அப்படியே விதியாக்கினால், ஒரே திசையில் சரக்குக் கப்பல்கள் போய்க்கொண்டே இருந்தால் புழுத்துளை நிலைகுலையும், எதிர்த்திசையில் யாரேனும் வந்தால்தான் சமநிலைக்குத் திரும்பும் என்று ஆகிவிடும். முன்பின் அறியாத இரண்டு வணிகர்களைப் பேச வைக்கும் இந்த விதி எனக்கு மிகவும் பிடித்தமானது.

அரைப் பக்கத்தில் நீங்கள் விடை எழுத வேண்டிய கேள்விகள் இவை: பாதை இருவழியா ஒருவழியா, ஒரு தடவையில் எவ்வளவு பெரிய கப்பல் போகலாம், மொத்தமாக எவ்வளவு நிறை போனபின் மூடும், எந்நேரமும் திறந்திருக்குமா, அது இருப்பது எல்லாருக்கும் தெரியுமா அல்லது தேடிக் கண்டுபிடிக்க வேண்டுமா, கடக்க என்ன செலவு. ஈவ் ஆன்லைன் விளையாட்டு 2003இல் வெளிவந்தபோது நிலையான வாயில்களை மட்டுமே கொண்டிருந்தது. 2009இல் வரைபடத்தில் காட்டப்படாத, நிறை வரம்பும் ஆயுளும் கொண்ட புழுத்துளைகள் சேர்க்கப்பட்ட பிறகு, அவற்றின் மறுபக்கத்திலேயே குடியிருந்து வாழும் ஒரு தனி ஆட்டக்காரர் சமூகம் உருவாகிவிட்டது. மேலே சொன்ன கேள்விகளில் மூன்றுக்கு விடையை மாற்றினாலே விளையாட்டு வேறாகிவிடும் என்பதற்கு இது நல்ல சான்று.

இரண்டாம் படி: தாளில் ஒரு பயிற்சிப் படம்

இருநூறு நட்சத்திரங்களோடு தொடங்காதீர்கள். பன்னிரண்டு கணுக்கள் போதும், அவையும் நன்கு தெரிந்த இடங்களாக இருப்பது நல்லது. நம் பக்கத்து ரயில் தடங்களை எடுத்துக்கொள்வோம். பயிற்சிக்காகச் சில கிளைகளையும் இடையிலுள்ள ஊர்களையும் விட்டுவிடுகிறேன். திருச்சியிலிருந்து தஞ்சாவூர், தஞ்சாவூரிலிருந்து ஒரு தடம் கும்பகோணம் வழியாக மயிலாடுதுறைக்கும், இன்னொன்று நீடாமங்கலம் வழியாகத் திருவாரூருக்கும், மயிலாடுதுறைக்கும் திருவாரூருக்கும் இடையே ஒரு தடம், நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி, திருவாரூரிலிருந்து நாகப்பட்டினம், அங்கிருந்து காரைக்கால், திருவாரூரிலிருந்து திருத்துறைப்பூண்டி, அங்கிருந்து ஒரு பக்கம் அகஸ்தியம்பள்ளி, மறுபக்கம் காரைக்குடி, காரைக்குடியிலிருந்து மீண்டும் திருச்சி. ஊர்களை வட்டங்களாகவும் தடங்களைக் கோடுகளாகவும் வரைந்தால் 12 கணுக்களும் 13 இணைப்புகளும் கிடைக்கும்.

இப்போது எண்ணத் தொடங்குங்கள். பன்னிரண்டு கணுக்களைத் துண்டுபடாமல் இணைக்கக் குறைந்தது 11 இணைப்புகள் வேண்டும். நம்மிடம் 13 இருப்பதால், கூடுதலாக உள்ள இரண்டும் இரண்டு சுற்றுகளை உண்டாக்குகின்றன. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நீடாமங்கலம் என்று ஒரு சிறு சுற்று. திருச்சி, காரைக்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக ஒரு பெருஞ்சுற்று. ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்குப் போவதை ஒரு தாவல் என்று கொண்டால், இந்தப் படத்தில் மிகத் தொலைவான பயணம் திருச்சியிலிருந்து காரைக்காலுக்கு. அது ஐந்து தாவல். நான்கு தடங்கள் கூடும் திருவாரூரே படத்தின் நடுநாயகம் என்பதும் பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

மூன்றாம் படி: ஒவ்வொன்றாக மூடிப் பார்த்தல்

இக்கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு கோட்டை அழிப்பானால் அழித்துவிட்டு, யாருக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள்; பிறகு அதை மீண்டும் வரைந்துவிட்டு அடுத்ததை அழியுங்கள்.

திருச்சி–தஞ்சாவூர் தடத்தை மூடினால், இரண்டு தாவலில் திருச்சி போய்க்கொண்டிருந்த கும்பகோணத்துக்காரர், மயிலாடுதுறை, திருவாரூர், திருத்துறைப்பூண்டி, காரைக்குடி என்று சுற்றி ஐந்து தாவலில் போக வேண்டியிருக்கும். வழி இருக்கிறது, ஆனால் வலிக்கிறது. விளையாட்டில் போரிடவும் பேரம் பேசவும் தகுதியான இடம் இதுவே. தஞ்சாவூர்–நீடாமங்கலம் தடத்தை மூடினால், கும்பகோணத்திலிருந்து மன்னார்குடிக்கு மூன்று தாவலாக இருந்தது நான்காகும். இதற்காக யாரும் சண்டையிட மாட்டார்கள். நீடாமங்கலம்–மன்னார்குடி தடத்தை மூடினாலோ, மன்னார்குடி உலகத்திலிருந்தே அறுந்துவிடும்.

இப்படி மூடினால் வலையமைப்பைத் துண்டாக்கும் இணைப்பை வெட்டிணைப்பு என்று குறித்துக்கொள்ளுங்கள். நம் படத்தில் அவை நான்கு: நீடாமங்கலம்–மன்னார்குடி, திருவாரூர்–நாகப்பட்டினம், நாகப்பட்டினம்–காரைக்கால், திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி. கணுக்களையும் இதேபோல் ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தால் நீடாமங்கலம், திருவாரூர், நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டி ஆகிய நான்கும் வலையமைப்பைத் துண்டாக்குபவை என்று தெரியவரும். தஞ்சாவூர் பெரிய ஊர்தான், மூன்று தடங்கள் கூடும் இடந்தான். ஆனாலும் அதை நீக்கினால் படம் துண்டாவதில்லை. வலையமைப்பில் ஒரு கணுவின் முக்கியத்துவத்தை அதன் அளவை வைத்து ஊகிக்கக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

வெட்டிணைப்பு கெட்டது என்று எண்ண வேண்டாம். ஒளித்து வைத்த புதையலுக்கும், கடைசி எதிரியின் கோட்டைக்கும், புதிதாகச் சேர்ந்த ஆட்டக்காரர் பாதுகாப்பாகப் பழகும் மூலைக்கும் அது பொருத்தமான இடம். ஆனால் எது வெட்டிணைப்பு என்று தெரிந்தே வைத்திருக்க வேண்டும். ஸ்டெல்லாரிஸ் விளையாட்டு 2016இல் வெளிவந்தபோது ஒளியைவிட வேகமாகப் பயணம் செய்ய மூன்று முறைகளைத் தந்தது. 2018இல் அதை மாற்றி, நட்சத்திரங்களுக்கு இடையே வரையறுக்கப்பட்ட பாதைகளையே எல்லாருக்கும் அடிப்படையாக்கினார்கள். எதிரி எந்தத் திசையிலிருந்தும் வரலாம் என்றால் எல்லைக் கோட்டை கட்டுவதற்குப் பொருளே இல்லாமல் போய்விடுகிறது. பாதை குறுகும் இடம் என்று ஒன்று இருந்தால்தான் காவலுக்கும் முற்றுகைக்கும் இடமுண்டு.

இனி, படத்தில் ஒரு புழுத்துளையைச் சேர்ப்போம். காரைக்காலையும் மயிலாடுதுறையையும் ஒரு புதிய கோட்டால் இணையுங்கள். வெட்டிணைப்புகள் நான்கிலிருந்து இரண்டாகக் குறைகின்றன. திருச்சி–காரைக்கால் பயணம் ஐந்திலிருந்து நான்கு தாவலாகிறது. அதோடு முழுப் படத்திலும் நான்கு தாவலுக்கு மேற்பட்ட பயணமே இல்லாமல் போகிறது. ஒரே ஒரு கோடு இவ்வளவு செய்கிறது. இதே கோட்டைக் கும்பகோணத்துக்கும் நீடாமங்கலத்துக்கும் இடையே வரைந்து பார்த்தால் வெட்டிணைப்புகள் நான்கும் அப்படியே நிற்கும். புழுத்துளையை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு இந்த ஒப்பீட்டைவிட நல்ல ஆசான் இல்லை.

நான்காம் படி: நிரலில் அடித்தளம்

இங்கே அதிகம் பேச வேண்டியதில்லை. வழிமுறைகள் பல காலமாகத் தெளிவாக உள்ளவை. நட்சத்திரங்களை முற்றிலும் தற்போக்காகத் தூவினால் சில இடங்களில் குவியும், சில இடங்கள் காலியாகும். எந்த இரண்டும் குறிப்பிட்ட தொலைவுக்குள் வராதபடி தூவும் பாய்சான் டிஸ்க் முறையைப் பயன்படுத்துங்கள். பிறகு, அருகருகே உள்ள புள்ளிகளை ஒன்றையொன்று வெட்டாத கோடுகளால் முக்கோணங்களாக இணைக்கும் டெலோனே முக்கோணமாக்கலைச் செய்யுங்கள். கோடோவில் இருபரிமாணப் புள்ளிகளுக்கு இது உள்ளமைந்தே கிடைக்கிறது. 200 நட்சத்திரங்களுக்கு இது அதிகபட்சம் 594 இணைப்புகளைத் தரும். அவற்றிலிருந்து எல்லாவற்றையும் இணைக்கும் மிகக் குறைந்த நீளமுள்ள மரத்தை (சுற்றே இல்லாத இணைப்புத் தொகுப்பை), 1956இல் க்ரஸ்கல் வெளியிட்ட முறைப்படி, சிறிய இணைப்பிலிருந்து தொடங்கிச் சுற்று உண்டாகாதவாறு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பிரித்தெடுங்கள். 199 இணைப்புகள் மிஞ்சும். கழித்த இணைப்புகளில் ஒரு பங்கை மீண்டும் சேர்த்தால் சுற்றுகள் வரும். ஆறில் ஒன்றைத் திரும்பச் சேர்ப்பதிலிருந்து தொடங்கி, மூன்றாம் படியின் சோதனையை நிரலாக ஓட்டிப் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம்.

இணைப்புகளைக் குலுக்கல் முறையில் போட்டுவிடலாமே என்று சிலர் கேட்பதுண்டு. அப்படிப் போட்டால், 200 கணுக்களில் ஒன்றுகூடத் தனித்து நிற்காமல் இருக்க ஏறத்தாழ 530 இணைப்புகள் தேவைப்படும் என்று எர்டோஷ்–ரேனியின் கோட்பாடு சொல்கிறது. அவ்வளவு கோடுகள் தாறுமாறாக ஓடும் படத்தில் குறுகிய வாயில் என்று ஒன்றுமே மிஞ்சாது.

இந்த அடித்தளத்தின் மேல்தான் நெடுந்தொலைவுப் புழுத்துளைகளை வைக்க வேண்டும். மிகச் சில குறுக்குவழிகளே ஒரு பெரிய வலையமைப்பின் சராசரித் தொலைவை வெகுவாகக் குறைத்துவிடும் என்று 1998இல் வாட்ஸும் ஸ்ட்ரோகாட்ஸும் காட்டினர். ஆகவே 200 நட்சத்திரங்களுக்கு ஐந்தாறு புழுத்துளைகளோடு நிறுத்திக்கொண்டு விளைவைப் பாருங்கள். அறுபது புழுத்துளைகள் வைத்த அண்டம் பெரிதாகத் தோன்றாது. எல்லா இடமும் பக்கத்துத் தெருவாகிவிடும்.

ஐந்தாம் படி: ஒருவழியும் முறைப்பாசனமும்

ரயில் தடம் இருவழி; ஆறு ஒருவழி. முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. ஸ்ரீரங்கத்தைத் தீவாக்கிவிட்டுக் கல்லணை அருகே இரண்டும் மீண்டும் நெருங்குகின்றன. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று நீர் பகிரப்பட்டு, மிகுநீர் கொள்ளிடத்துக்குத் திருப்பப்படுகிறது. வெண்ணாறு தென்பெரம்பூரில் வெட்டாற்றைப் பிரித்துவிட்டு, நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மறுபடியும் மூன்றாகிறது. இந்த அமைப்பை அப்படியே ஒருவழிப் புழுத்துளைகளாக்கினால், மூணாறு தலைப்பில் கோரையாற்றைத் தேர்ந்த ஆட்டக்காரர் முத்துப்பேட்டைக் கடைமடைக்குப் போய்ச் சேர்ந்தபின் திரும்ப வழியின்றி நிற்பார். தண்ணீர் மேகமாகித் திரும்பிவிடும், விண்கலம் திரும்பாது.

ஆகவே ஒருவழிப் பாதை ஒன்றையேனும் சேர்த்த பிறகு இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். தொடக்கக் கணுவிலிருந்து அம்புக்குறிகளின் திசையில் போய் எந்தெந்தக் கணுக்களைத் தொட முடிகிறது என்று பட்டியலிடுங்கள். பிறகு எல்லா அம்புக்குறிகளையும் தலைகீழாக்கிவிட்டு அதே தொடக்கத்திலிருந்து மீண்டும் பட்டியலிடுங்கள். இரண்டு பட்டியல்களிலும் எல்லாக் கணுக்களும் இருந்தால், எங்கிருந்தும் எங்கும் போய்வர முடியும் என்று உறுதி. இரண்டாவது பட்டியலில் விடுபட்டவைதாம் உங்கள் கடைமடைகள். திரும்பும் வழி நீளமாக இருக்கலாம்; ஆறேழு தாவல்களைத் தாண்டினால் புதியவர் விளையாட்டை மூடிவிட்டுப் படுக்கப் போய்விடுவார் என்பது என் கணிப்பு.

நேரம் வைத்துத் திறக்கும் புழுத்துளைகளுக்கு முறைப்பாசனம் நல்ல முன்மாதிரி. நீர் குறைந்த காலங்களில் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் கல்லணைக் கால்வாய்க்கும் முறை வைத்து மாற்றி மாற்றித் திறப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மையக் கணுவில் மூன்று புழுத்துளைகளை வைத்து, ஒவ்வொன்றும் 20 நிமிடம் என்று ஒரு மணி நேரச் சுழற்சியில் திறந்தால், ஏதோ ஒரு நேரத்தில் வந்து சேரும் கப்பல் தனக்கு வேண்டிய வாயிலுக்குச் சராசரியாக ஏறத்தாழ 13 நிமிடமும், மோசமான வேளையில் 40 நிமிடமும் காத்திருக்கும். இது அதிகம். ஒவ்வொன்றுக்கும் 6 நிமிடம், சுழற்சிக்கு 18 நிமிடம் என்று குறைத்தால் சராசரிக் காத்திருப்பு 4 நிமிடம், அதிகபட்சம் 12 நிமிடம். ஒரு தேநீர் குடித்துவிட்டு வரலாம்.

அட்டவணையை முன்கூட்டியே அறிவிப்பதா, ஒளிப்பதா என்பதையும் முடிவு செய்ய வேண்டும். மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கப்படும் என்ற மரபை நம்பித்தான் குறுவைக்கான ஏற்பாடுகள் தொடங்குகின்றன. அணையில் நீர் போதாத ஆண்டில் அந்த நாள் தள்ளிப்போனால் எல்லாத் திட்டமும் சேர்ந்து தள்ளிப்போகிறது. அறிவித்த திறப்பு வணிகத்தையும் கூட்டணியையும் வளர்க்கும். அறிவிக்காத திறப்பு தேடலை வளர்க்கும். ஒரே புழுத்துளையில் இரண்டையும் கலக்காமல், நிலையான வாயில்களுக்கு அட்டவணையும், அலைந்து தோன்றும் வாய்களுக்கு மறைவும் என்று பிரித்துவிடுங்கள்.

நிறை வரம்பை இதனோடு சேர்த்தே யோசியுங்கள். மொத்தம் 1000 அலகு தாங்கும் புழுத்துளையில் 300 அலகுள்ள சரக்குக் கப்பல்கள் மூன்று போய்விட்டால் மீதி 100. நான்காவது கப்பலைத் தடுப்பதா, அதைக் கடக்க விட்டு அதோடு மூடுவதா? கடக்க விடுவதே சுவாரசியமானது. அப்போது யார் எந்தப் பக்கம் மாட்டிக்கொள்வது என்பதை ஆட்டக்காரர்களே தீர்மானிப்பார்கள். மாட்டிக்கொண்டவருக்கு மறுபக்கத்தில் வேறு வழி இருக்கிறதா என்பதை மூன்றாம் படியில் நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள்.

ஆறாம் படி: வழி தேடும் நிரலில் உள்ள கண்ணி

ஆட்டக்காரர் ஓர் இலக்கைச் சுட்டினால் மிகக் குறைந்த செலவுள்ள வழியை விளையாட்டு காட்ட வேண்டும். பெரும்பாலான எஞ்சின்களில் இதற்கு ஏ-ஸ்டார் முறை ஆயத்தமாக இருக்கிறது. அது இலக்குக்கு உள்ள நேர்கோட்டுத் தொலைவைக் கொண்டு, மீதமுள்ள செலவை ஊகித்துக்கொண்டே போகும். அந்த ஊகம் உண்மைச் செலவை ஒருபோதும் மிஞ்சக் கூடாது என்பது நிபந்தனை. 400 ஒளியாண்டுகளைக் கிட்டத்தட்டச் செலவின்றிக் கடக்கும் புழுத்துளை ஒன்று வந்தவுடன் அந்த நிபந்தனை உடைகிறது: புழுத்துளையின் வாய் இலக்குக்கு எதிர்த்திசையில் இருந்தால் நிரல் அதைப் பொருட்படுத்தாமல், நீண்ட வழியையே சிறந்த வழி என்று காட்டக்கூடும். பிழைச்செய்தி எதுவும் வராது என்பதால் இதைக் கண்டுபிடிப்பதும் கடினம்.

மருந்து எளிது. கோடோவில் ஊகச் செலவைக் கணிக்கும் செயல்பாட்டை மாற்றி எழுதி, எப்போதும் சுழியத்தைத் திருப்பித் தருமாறு செய்தால், அது 1959இல் டைக்ஸ்ட்ரா வெளியிட்ட முறையாகவே இயங்கும். சில நூறு கணுக்களுக்கு வேக வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. பல்லாயிரம் கணுக்கள் இருந்தால் மட்டும், நேர்கோட்டுத் தொலைவு ஒரு பக்கமும், இங்கிருந்து மிக அருகிலுள்ள வாய்க்கும் இலக்கிலிருந்து அதற்கு மிக அருகிலுள்ள வாய்க்கும் உள்ள தொலைவுகளின் கூட்டுத்தொகை மறுபக்கமும் வைத்து, இரண்டில் சிறியதை ஊகமாகக் கொடுங்கள்.

ஏழாம் படி: காட்டுதலும் சேமித்தலும்

முப்பரிமாணத்தில் சுழலும் விண்மீன் வரைபடம் முன்னோட்டக் காட்சியில் அழகாக இருக்கும்; விளையாடும்போது எந்தக் கோடு எதன் பின்னால் போகிறது என்று தெரியாமல் கண் வலிக்கும். தட்டையான படமே போதும். சாதாரணப் பாதைகளை நேர்கோடாகவும், புழுத்துளைகளை இரு முனைகளிலும் ஒரே குறியீடு கொண்ட வளைகோடாகவும் காட்டுங்கள். படம் முழுக்கக் கோடு இழுக்காமல், கப்பல் நிற்கும் கணுவின் புழுத்துளைகளை மட்டும் காட்டுவது இன்னும் தெளிவு. ஆட்டக்காரர் கண்டறியாத வாய்களை வழி தேடும் நிரலும் அறியாததாகவே நடத்த வேண்டும். இல்லையென்றால் பரிந்துரைக்கும் வழியே இரகசியத்தை உடைத்துவிடும்.

நண்பர்களிடம் விளையாடக் கொடுக்கும்போது, ஒவ்வொரு இணைப்பையும் எத்தனை கப்பல்கள் கடந்தன என்று ஒரு கோப்பில் பதிவு செய்யுங்கள். யாருமே கடக்காத புழுத்துளையை இடம் மாற்றுங்கள். எல்லாரும் எப்போதும் கடக்கும் புழுத்துளைக்கு நிறை வரம்பையோ கட்டணத்தையோ வைத்து, பக்கத்தில் சுற்றுவழி ஒன்றை உயிர்ப்பியுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் வெட்டிணைப்புப் பட்டியலைப் புதிதாக எடுத்துப் பழையதோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு கணுவுக்கும் ஒருபோதும் மாறாத எண் ஒன்றைக் கொடுத்து, அண்டத்தை உருவாக்கிய தொடக்க விதை எண்ணை (அதே எண்ணைக் கொடுத்தால் அதே அண்டம் மீண்டும் உருவாகும்) ஒரு கோப்பிலும், நீங்கள் கையால் சேர்த்து நீக்கிய இணைப்புகளை அந்த எண்களைக் கொண்டு இன்னொரு கோப்பிலும் தனித்தனியே சேமித்து வைத்தால், பின்னாளில் அண்டத்தை மீண்டும் உருவாக்க நேர்ந்தாலும் கைவேலைப்பாடு அழியாது.